விடுதி மேசையில் வளர்ந்த நட்பு

நண்பர்களுடன் நகரத்து உணவு விடுதிக்குச் செல்லும் மரக்கறிக்காரனுக்கு ஒரு சங்கடம் உண்டு. எல்லாரும் விரும்பியதைக் கேட்டு வாங்கி மகிழ்ந்திருக்கும் வேளையில், அவன் ஒருவன் மட்டும் பரிசாரகனை அருகில் அழைத்து, "இதில் என்ன சேர்த்திருக்கிறது?" என்று தாழ்ந்த குரலில் விசாரித்துக்கொண்டிருப்பான். எனக்கும் இது பலமுறை நேர்ந்திருக்கிறது. உணவைக் காட்டிலும், நம்மை அழைத்துச் சென்ற நண்பர் முகம் சுளிப்பாரோ என்ற கவலைதான் அப்போது பெரிதாகத் தோன்றும். இந்தச் சிறு சங்கடத்துக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. அதைக் காந்தியடிகளின் வாழ்க்கையிலிருந்து எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

1888 ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில், சட்டம் பயில்வதற்காக மோகன்தாஸ் காந்தி லண்டன் மாநகரில் வந்து இறங்கினார். சில தினங்களில்தான் அவருக்குப் பத்தொன்பது வயது நிறைந்தது. புலால் உண்பதில்லை, மது அருந்துவதில்லை, பிற மாதரைத் தீண்டுவதில்லை என்று தாயாரின் முன்னிலையில் விரதம் பூண்டு புறப்பட்டவர் அவர். ஆனால், புலால் உண்பது தீது என்ற கொள்கை அப்போது அவருக்கு இருக்கவில்லை. இந்தியர் யாவரும் புலால் உண்டு வலிமை பெற வேண்டும் என்றே அவர் அக்காலத்தில் எண்ணியிருந்தார்; சிறு வயதில் மறைவாக உண்டும் பார்த்திருந்தார். அவரைத் தடுத்து நிறுத்தியது தாய்க்குக் கொடுத்த வாக்கு ஒன்றே. இதை மறந்துவிட்டால் பின்னால் நடந்தவை நமக்கு விளங்கா.

அவர் தங்கிய வீட்டில் காலையில் ஓட்ஸ் கஞ்சி கிடைத்தது. அதனால் ஒருவாறு வயிறு நிறையும். பகலிலும் இரவிலும் கீரையும் ரொட்டியும் பழப்பாகுமே கதி. இரண்டு மூன்று துண்டுக்கு மேல் ரொட்டி கேட்க அவருக்கு நாணம். அந்த வீட்டுப் பெண்கள் இரக்கப்பட்டு மேலும் ஓரிரு துண்டுகள் வைப்பார்களாம். நகரில் மரக்கறி உணவு விடுதிகள் இருக்கின்றன என்று வீட்டுக்கார அம்மையார் சொல்லவே, அவற்றைத் தேடி நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்தார். வழியில் மலிவான கடைகளில் புகுந்து ரொட்டியால் வயிற்றை நிரப்பியும் திருப்தி ஏற்படவில்லை. ஒரு நாள் பாரிங்டன் தெருவில் அவர் தேடியது கிடைத்தது. வாயிலருகே கண்ணாடிக்குப் பின்னால் புத்தகங்கள் சில விற்பனைக்கு இருந்தன. ஹென்றி ஸால்ட் மரக்கறி உணவுக்காக வாதாடி எழுதிய நூலை ஒரு ஷில்லிங்குக்கு வாங்கிக்கொண்டு நேரே உள்ளே சென்று அமர்ந்தார். இங்கிலாந்துக்கு வந்தபின் மனம் நிறைய உண்ட முதல் உணவு அதுதான் என்று அவரே எழுதியிருக்கிறார். நூலைப் படித்து முடித்த பிறகு, தாய்க்காகக் காத்த விரதம் அவருடைய சொந்தக் கொள்கையாயிற்று.

அவருக்கு ஒரு நண்பர் இருந்தார். இந்தப் பிடிவாதத்தால் காந்தியின் உடல் கெடும், ஆங்கிலச் சமூகத்திலும் அவரால் பழக முடியாமற் போகும் என்று அஞ்சியவர். பெந்தாமின் நூலைப் படித்துக் காட்டியும் வாதித்துப் பார்த்தவர். ஒரு நாள் அவர் காந்தியை நாடகத்துக்கு அழைத்தார். அதற்கு முன் ஹோல்பர்ன் உணவு விடுதியில் விருந்து. அரண்மனை போன்ற இடம், பெருங்கூட்டம். இத்தகைய இடத்தில் கூச்சம் காரணமாகக் காந்தி வாய் திறக்க மாட்டார் என்று நண்பர் எண்ணியிருக்க வேண்டும். முதலில் சூப் வந்தது. அது எதனால் ஆனது என்று நண்பரிடம் கேட்கத் துணிவில்லாமல், காந்தி பரிசாரகனைச் சைகை காட்டி அழைத்தார். நண்பர் கண்டுகொண்டார், என்ன விஷயம் என்று அதட்டினார். சூப்பில் புலால் கலந்திருக்கிறதா என்று அறிய விரும்பினேன் என்றார் காந்தி. நாகரிக சமூகத்துக்கு ஏற்றவனல்லன் நீ, எழுந்து சென்று வேறு எங்காவது சாப்பிட்டுவிட்டு வெளியே காத்திரு என்று கடிந்தார் நண்பர்.

காந்தி எழுந்தார். அவருக்கு வருத்தம் இல்லை. விடுதலை பெற்ற மகிழ்ச்சிதான். அருகில் ஒரு மரக்கறி விடுதி இருந்தது. ஆனால் அது அடைத்திருந்தது. அன்றிரவு பட்டினியோடு நண்பருடன் நாடகம் பார்த்தார். நண்பரும் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை, இவரும் பேசவில்லை. அந்தக் கோபத்துக்குள் அன்பு இருந்ததைத் தாம் உணர்ந்ததாகவும், கருத்து வேற்றுமையினால் நண்பரிடம் மதிப்புக் கூடியதாகவும் 'சத்திய சோதனை'யில் அவர் எழுதுகிறார். உணவில் விட்டுக் கொடாதவர் உடையில் விட்டுக் கொடுத்தார் என்பது இதன் வேடிக்கையான தொடர்ச்சி. நண்பரின் மனக்குறை தீர உயர்ந்த தொப்பி, பாண்டுத் தெருவில் தைத்த மாலை உடை, நடனப் பயிற்சி, பிடில் எல்லாம் வந்தன. இந்த மோகம் ஏறத்தாழ மூன்று மாதங்களில் தணிந்தது.

மரக்கறி விடுதியிலும் அவருடைய விசாரணை நிற்கவில்லை. முட்டை புலாலா அல்லவா என்று அங்கே பலவிதமான கொள்கைகள் வழங்கின. தம் தாயார் எதைப் புலால் என்று கருதினாரோ அதுவே தம் விரதத்துக்குப் பொருள் என்று முடிவு செய்தார் காந்தி. எனவே முட்டை கலந்த பல பண்டங்களை அங்கேயும் கேட்டறிந்து விலக்க வேண்டியதாயிற்று. கொடுத்த வாக்குக்கு அதைப் பெற்றுக்கொண்டவர் கண்ட பொருளே பொருள் என்ற இந்த நெறியை, நம் நீதி நூல் உரைகளைக் காட்டிலும் ஒரு சூப்புக் கிண்ணம் தெளிவாக விளக்கிவிடுகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்த விடுதிகள் வழியாகவே அவர் லண்டன் மரக்கறியாளர் சங்கத்தை அடைந்தார்; அதன் நிர்வாகக் குழுவில் இடம்பெற்றார். 1891 இல் அச்சங்கத்தார் ஆதரித்த 'வெஜிடேரியன்' இதழில் இந்திய மரக்கறியாளரைப் பற்றிக் கட்டுரைகள் எழுதினார். அவருடைய எழுத்துக்கள் அச்சேறியது அங்கேதான்.

அதே ஆண்டு ஜூன் 10 ஆம் தேதி பாரிஸ்டர் ஆனார். 12 ஆம் தேதி கப்பலேறினார். இடைப்பட்ட நாளில் தம் மரக்கறி நண்பர்களுக்குப் பிரிவு விருந்து அளித்தார். எங்கே தெரியுமா? எந்த மேசையிலிருந்து எழுந்து போகச் சொன்னார்களோ அந்த ஹோல்பர்ன் விடுதியில்! மரக்கறி விடுதியில் மரக்கறி கிடைப்பதில் என்ன அதிசயம், மற்ற விடுதிகளிலும் கிடைத்தால் என்ன என்று எண்ணி, நிர்வாகியிடம் பேசி, முற்றிலும் மரக்கறியான விருந்துக்கு ஏற்பாடு செய்தார். பேச எழுந்தபோது முதல் வாக்கியத்துக்கு மேல் நா எழவில்லை என்று அவர் பின்னாளில் எழுதினார். அந்த விருந்தைப் பற்றிய 'வெஜிடேரியன்' குறிப்போ, சற்றுப் பதற்றம் இருந்தாலும் அழகாகவே பேசினார் என்கிறது. இரண்டில் இதழின் சாட்சியத்தையே நான் நம்புவேன். தம் கூச்சத்தை மிகைப்படுத்திச் சொல்வது அவருக்குப் பிரியமான வழக்கம்.

தென்னாப்பிரிக்காவிலும் இக்கதை தொடர்ந்தது. ஜோஹானஸ்பர்க்கில் ஒரு பெண்மணி நடத்திய மரக்கறி விடுதிக்காகத் தம் கட்சிக்காரர் பத்ரியின் பணத்தில் 1000 பவுன் கொடுத்து, அது திரும்பாமற் போகவே காந்தி தாமே ஈடு செய்ய நேர்ந்தது. ஆனால் அந்நகரத்து விடுதி மேசை அவருக்குத் தந்தது அதனினும் பெரிது. ஆல்பர்ட் வெஸ்ட் என்ற அச்சகக்காரர் நாள்தோறும் அவருடன் உண்பவர். 1904 இல் அந்நகரில் பிளேக் பரவியது. நோயாளிகளுக்குப் பணிவிடை செய்த காந்தி, பிறருக்குத் தொற்றக்கூடாதென்று மற்றவர் வருமுன் உண்டு செல்லலானார். அவரைக் காணாத வெஸ்ட் அஞ்சி ஒரு காலை வந்து கதவைத் தட்டினார். பணிவிடைக்குத் தாமும் வருவதாகச் சொன்னார். காந்தியோ அவரை டர்பனுக்கு அனுப்பி 'இந்தியன் ஒப்பீனியன்' அச்சகத்தை ஒப்படைத்தார். ஆங்கிலம், குஜராத்தி, இந்தி இவற்றோடு நம் தமிழிலும் வெளிவந்த பத்திரிகை அது.

ஹென்றி பொலக்கும் அவ்வாறே விடுதியில் வேறொரு மேசையிலிருந்து தம் பெயர்ச் சீட்டை அனுப்பி அறிமுகமானவர். பத்திரிகையின் கணக்கு மோசமாக இருக்கிறது என்று வெஸ்ட் எழுதிய கடிதத்தைக் கண்டு காந்தி டர்பனுக்குப் புறப்பட்டார். ரயிலடிக்கு வந்த பொலக், வழியில் படிக்கும்படி ரஸ்கினின் நூல் ஒன்றைக் கையில் கொடுத்தார். இருபத்து நான்கு மணி நேரப் பயணம். நூலைக் கீழே வைக்க முடியவில்லை, இரவில் உறக்கமும் இல்லை. விரைவில் பீனிக்ஸில் நிலம் வாங்கப்பட்டது; அச்சகம் அங்கே குடியேறியது. முதல் இதழ் அச்சாக வேண்டிய இரவில் எஞ்சின் ஓட மறுத்தது. கையால் சுற்றும் சக்கரத்தை எல்லாரும் முறைவைத்துச் சுற்றினார்கள். தச்சர்களையும் எழுப்பி வந்து சேர்த்துக்கொண்டார்கள். வெஸ்ட் ஒரு தோத்திரப் பாடலைப் பாடிக்கொண்டே அவர்களுடன் வேலை செய்தார்.