கோத்தகிரிக்கு யார் 'திரும்பி'ப் போனது?

போன செமஸ்டரில் புலம்பெயர் இலக்கியம் பற்றி ஒரு பாடம் இருந்தது. ஈரானில் பிறந்த மர்ஜான் சத்ரபியின் 'பெர்சபோலிஸ்' சித்திர நாவலை வாசித்தோம். 1979 புரட்சி, அதுக்குப் பிறகு ஈராக்கோட யுத்தம், பதினாலு வயசுல தனியா வியன்னாவுக்கு அனுப்பப்பட்ட பிள்ளை. அங்கே ஒட்ட முடியாம ஊருக்கு வந்து, ஊரிலயும் ஒட்ட முடியாம மறுபடி கிளம்பின கதை. (பதுளைப் பக்கம் ஈரான் என்றதும் ஞாபகம் வாறது உமாஓயா சுரங்கமும் பண்டாரவளையில் வத்திப்போன கிணறுகளும்தான். அது வேற கட்டுரை.)

கலந்துரையாடலில் நான் எங்க அம்மாயியின் தங்கச்சியைப் பற்றிச் சொன்னேன். ஸ்பிரிங்வெளி தோட்டத்து லயத்தில் பிறந்தவங்க. 1970களில் கப்பலேறினாங்க. இப்ப நீலகிரி மாவட்டம் கோத்தகிரியில் இருக்காங்க. வகுப்பில் ஒரு நண்பன் சொன்னான்: "அவங்க புலம்பெயரலயே மச்சான், சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போனவங்கதானே."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பாடப்புத்தகமும் அப்படித்தான் சொல்லுது. தமிழ்நாட்டு அரசு வைத்த பெயரும் 'தாயகம் திரும்பியோர்' தான். ஆனா அந்த 'திரும்பி' என்ற சொல் எனக்கு அன்றைக்கிருந்து உறுத்துது. பாக்காத ஊருக்கு எப்படித் திரும்ப முடியும்?

1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்த வருஷமே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இந்த மண்ணில் பிறந்தால் மட்டும் போதாது, உன் அப்பாவும் இங்கேதான் பிறந்தார் என்று நிரூபி என்றது. அப்பா வெளியில் பிறந்திருந்தால் தாத்தாவும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக லயத்தில் பிறந்து லயத்திலேயே செத்தவர்களிடம் எந்தக் காகிதம் இருக்கும்? பிரஜாவுரிமை போனது, கொஞ்ச நாளில் வாக்கும் போனது. கங்காணி காலத்தில் காடு வெட்டித் தேயிலை நட்டவங்களின் பேரப்பிள்ளைகள் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள்.

1964 ஒக்டோபர் 30 அன்று சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. கணக்கு இதுதான்: மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம். அந்த மிச்சத்தை 1974இல் ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்தார்கள். ஏழு பேரை இந்தியா எடுத்தால் நாலு பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுக்கும் என்பது விகிதம். தேயிலைப் பெட்டியை எண்ணுவது போலத்தான் எண்ணினார்கள். தொண்டமான் எதிர்த்தார், ஆனா இரண்டு அரசாங்கமும் கேட்கவில்லை.

ஆனா விண்ணப்பம் கோரியபோது நடந்ததைப் பாருங்க. இந்தியாவுக்கு எழுதிப் போட்டவர்கள் ஏறக்குறைய 4 லட்சம், இலங்கையிலேயே இருக்கணும் என்று எழுதிப் போட்டவர்கள் ஏறக்குறைய 7 லட்சம். தாயகம் எது என்று அவங்ககிட்டயே கேட்டிருந்தா பதில் இதுதான்.

அப்ப எதுக்குப் போனாங்க? எங்க வீட்டுக் கதையில் அரசியல் பேச்சே கிடையாது. பசிதான் இருக்கு. 1973, 74இல் தோட்டங்களில் மாவும் அரிசியும் இல்லாமல் சனம் செத்தது. அந்தச் சமயத்தில் தோட்டங்களை அரசு சுவீகரித்ததும் சேர்ந்துகொண்டது. சின்னம்மாயியின் புருஷன் அதுக்கு முன்னமே இந்தியாவுக்கு எழுதிப் போட்டிருந்தார். அம்மாயியின் புருஷன் இலங்கைக்குப் போட்டிருந்தார். ஒரே காம்பராவில் வளர்ந்த அக்காவும் தங்கச்சியும் இரண்டு நாட்டுப் பிரஜைகள் ஆனது அப்படித்தான்.

பதுளையில் கோச்சி ஏறி, பொல்காவலையில் மாறி, மதவாச்சி தாண்டித் தலைமன்னார். அந்தக் கோச்சிக்கு மலையகத்தில் 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயர். ஸ்டேஷனில் செத்த வீடு மாதிரி அழுவாங்களாம். தெமோதரை வளைவில் கோச்சி சுத்தும்போது தோட்டம் ஒரு தடவை தெரிஞ்சு மறைஞ்சுது என்று சின்னம்மாயி இன்னமும் சொல்லுவாங்க. தலைமன்னாரிலிருந்து 'இராமானுஜம்' கப்பலில் இராமேஸ்வரம். ஒப்பந்தம் வந்து இரண்டு மாசத்திலேயே புயல் தனுஷ்கோடியை அழித்துவிட்டதால் கப்பல் அங்கே போகவில்லை. பிறகு மண்டபம் முகாம்.

அங்கே இறங்கினதும் அவங்க 'சிலோன்காரங்க'. இங்கே இருக்கும்வரை 'இந்தியாக்காரன்', 'கள்ளத்தோணி'. பேச்சு வேற, சோத்துக்குத் தேங்காய்ச் சம்பல் கேட்டால் சிரிப்பாங்களாம். கொஞ்சப் பேருக்கு டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தது. அதாவது கடல் தாண்டிப் போய் மறுபடியும் கொழுந்துக் கூடை. மற்றவங்க நூற்பாலைகளுக்குப் போனாங்க. கொடைக்கானல் மலையில் மரம் வெட்டப் போய்க் கொத்தடிமையாக மாட்டிக்கொண்டவங்களும் உண்டு.

ஈரானியர்களின் கதையோடு வைத்துப் பார்த்தால் ஒரு விசயம் தலைகீழாக இருக்கு. ஈரான் இரட்டைப் பிரஜாவுரிமையை ஏற்பதில்லை. லொஸ் ஏஞ்சலிசில் முப்பது வருஷம் வாழ்ந்து அமெரிக்கப் பாஸ்போர்ட் எடுத்தவரும் தெஹ்ரானில் இறங்கும்போது ஈரானியர்தான். போனவர்களைக்கூட அந்த நாடு விடமாட்டேன் என்கிறது. இலங்கையோ இங்கேயே இருந்தவங்களைப் பார்த்து நீ எங்க ஆளே இல்லை என்றது. இரண்டுமே கொடுமைதான். ஆனா முதலாவதை உலகம் புலம்பெயர்வு என்று படிக்குது. இரண்டாவதுக்குப் பெயர் 'தாயகம் திரும்புதல்'.

1983 யூலை 27 பதுளை நகரமும் எரிந்தது. அதன் பிறகு யுத்தம், 1984இல் கப்பலும் நின்றது. இந்தியப் பாஸ்போர்ட் கையில் இருந்தும் போகாமல் தோட்டத்திலேயே நின்றுவிட்டவங்களின் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை இழுபட்டது. அக்கா தங்கச்சி இரண்டு பேரும் கடிதத்தில்தான் வாழ்ந்தாங்க. கடிதத்தில் முதல் வரி எப்பவும் "நமுனுகுலையில் மழையா?" என்றுதான் இருக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னம் சின்னம்மாயி பதுளைக்கு வந்தாங்க, பேரனோட, விமானத்தில். பழைய லயத்தைக் கண்டுபிடிக்க ஒரு பகல் போனது. காம்பராவில் வேற குடும்பம் இருந்தது. அவங்க தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாங்க. வந்ததும் பேரன் விசாப் படிவத்தை போனில் எனக்குக் காட்டினான். பிறந்த இடம்: பதுளை. பயணத்தின் நோக்கம்: சுற்றுலா. வேற எதைத் தெரிவு செய்யுறது என்று அவனுக்கும் தெரியலயாம்.