துப்பாக்கிக் கொல்லரைத் தேடிச் சென்ற நிறுவனம்

நெம்புகோல் பாடத்தில் கத்தரிக்கோலையும் கடப்பாரையையும் காட்டுவது நம் வழக்கம். அமெரிக்க வரலாற்றில் நெம்புகோல் துப்பாக்கிக்கும் உயிரூட்டியது. விசையடி வளையத்தை முன்தள்ளி இழுத்தால், சுட்ட உறை வெளியேறி அடுத்த தோட்டா உள்ளே ஏறும். பெஞ்சமின் டைலர் ஹென்றி 1860இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அவர் பணியாற்றிய நிறுவனமோ சட்டைத் தொழிலில் பொருளீட்டிய ஆலிவர் வின்செஸ்டருடையது. பின்னாளில் வின்செஸ்டர் என்னும் பெயரே நிலைத்தது. இஃது எமக்கு நியாயமாகத் தோன்றவில்லை.

ஹென்றியின் துப்பாக்கியில் தோட்டாக் குழாயின் அடிப்புறம் திறந்த பிளவாக இருந்தமையால் மண்ணும் தூசும் புகுந்தன. 1866இல் நெல்சன் கிங் பக்கவாட்டில் ஒரு வாயிலை அமைத்து, தோட்டாக்களை அதன்வழி இடச்செய்தார். குழாயை மூடிவிட முடிந்தது. எனினும் முழங்கால்போல் மடங்கும் உள்ளிணைப்பு, நீண்ட, வலிய தோட்டாக்களைத் தாங்கவில்லை.

இதற்குத் தீர்வு பழுதுபார்க்கும் பட்டறையிலிருந்தே கிடைத்தது. யூட்டாவின் ஓக்டன் நகரில், துப்பாக்கிக் கொல்லராகிய தந்தையின் பட்டறையில் வளர்ந்தவர் ஜான் பிரௌனிங். பிறர் கொணர்ந்த துப்பாக்கிகளைச் செப்பனிட்டே தொழில் கற்றார். அவர் வடித்த ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியைக் கண்ட வின்செஸ்டர் நிறுவனம், 1883இல் தன் உயர் அலுவலர் தாமஸ் பென்னட்டை ஓக்டனுக்கே அனுப்பியது. அவர் 8,000 டாலருக்கு அதன் உரிமையை வாங்கினார்.

அடுத்து வந்த 1886ஆம் ஆண்டு நெம்புகோல் துப்பாக்கியில், செங்குத்தாக எழும் இரு எஃகுத் தண்டுகள் பூட்டாக அமைந்தன. வலிய தோட்டாக்களையும் அது தாங்கிற்று. பிரௌனிங் வடிவமைத்த 1894ஆம் ஆண்டு வகை 70 இலட்சத்திற்கும் மேல் செய்யப்பட்டது. அதன்மீதும் வின்செஸ்டர் பெயரே பொறிக்கப்பட்டது.