இறுதிநிலைப் பராமரிப்பு: வன்னி வைத்தியர்கள், 2009

இறக்கும் நோயாளியை எப்படிப் பராமரிப்பது என்பதில் வைத்தியரின் சமயமும் பயிற்சியும் பணியிடமும் செல்வாக்குச் செலுத்தும். 2009இல், இலங்கை உள்நாட்டுப் போரின் இறுதிக் கட்டத்தில், வட இலங்கையின் வன்னியில் பணியிடமே எல்லாவற்றையும் மீறி நின்றது. அரச வைத்தியர்களான து. வரதராஜா, த. சத்தியமூர்த்தி, வி. சண்முகராஜா முதலியோர் புதுக்குடியிருப்பு, புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் என இடம்பெயர்ந்துகொண்டே இருந்த வைத்தியசாலைகளில் கடமையாற்றினர். மயக்கமருந்துக்கும் குருதிக்கும் கடும் தட்டுப்பாடு. காயத்திலிருந்து வழிந்த குருதியைத் துணியில் வடித்து அதே நோயாளிக்கு ஏற்றினார்கள். பிழைக்கக்கூடியவரையே முதலில் சத்திரசிகிச்சைக்கு எடுக்க வேண்டியிருந்தது; அந்தத் தெரிவை மற்றவர்களைக் ‘கைவிடல்’ என்று அழைப்பது பெரும் அநீதி. பெப்ரவரி முதல் மே வரை செஞ்சிலுவைக் குழுவின் கப்பல்கள் காயமடைந்தோரை ஏற்றிச் சென்றன. அவற்றில் யாரை அனுப்புவது என்பதும் உயிரைத் தீர்மானிக்கும் தெரிவாயிற்று. மே நடுப்பகுதியில் இலங்கை அரசால் தடுத்துவைக்கப்பட்ட வரதராஜா, சத்தியமூர்த்தி, சண்முகராஜா மூவரும் ஆகஸ்டில் பிணையில் விடுவிக்கப்பட்டனர்.