பகடை துகில்: ஓர் ஆட்டக் கதையின் வலிவும் மெலிவும்

ஆட்டத்தை மையமாகக் கொண்ட மாயக்கதை என்றால், இன்றைய மாணவர்களுக்கு ஜப்பானிய அனிமே தொடர்களே நினைவுக்கு வருகின்றன. விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி வட்டாரங்களில் அத்தகைய கதையொன்று தலைமுறை தலைமுறையாக இரவு முழுதும் நடிக்கப்பட்டு வருகிறது. திரௌபதி அம்மன் திருவிழாவில் பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் பாடிப் பொருள் கூறுவார். இரவில் அக்கதையே கூத்தாக நிகழும். அவ்வரிசையில் சூதாட்டமும் துகிலுரிதலும் சேர்ந்த இரவுக்குப் ‘பகடை துகில்’ என்று பெயர். அதன் வலிவையும் மெலிவையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோயிலில் பாரதம் படிக்கும் வழக்கம் மிகப் பழையது. 7ஆம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மப் பல்லவன் அளித்த கூரம் செப்பேடு, கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்குப் பங்கு ஒதுக்குகிறது. 9ஆம் நூற்றாண்டில் மூன்றாம் நந்திவர்மன் காலத்தில் பெருந்தேவனாரின் பாரத வெண்பா எழுந்தது. பின்னர் வந்த வில்லிபுத்தூரார் திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் பிறந்தவர். வக்கபாகை வரபதி ஆட்கொண்டானால் ஆதரிக்கப்பட்டவர். திருமுனைப்பாடி என்பது பழைய தென்னார்க்காட்டுப் பகுதியாதலின், வில்லி நம் மண்ணின் புலவர் என்றே சொல்லலாம். அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டெபைட்டல் திரௌபதி வழிபாடு பற்றி 1988இலும் 1991இலும் வெளியிட்ட இரு தொகுதிகளில், செஞ்சி வட்டாரத்தை அவ்வழிபாட்டின் மையமாகக் கொண்டு ஆராய்ந்தார்.

இக்கதையின் முதல் வலிவு பணயத்தின் ஏற்றம். பொருள், நாடு, தம்பியர், தான், மனைவி எனத் தருமன் ஒவ்வொன்றாக வைத்து இழக்கிறான். ஒவ்வொரு முறையும் எழுந்து போக வாய்ப்பு இருக்கிறது, அவன் எழுவதில்லை. சூதாடுபவனின் மனத்தை இதனினும் துல்லியமாகக் காட்டுதல் அரிது. இரண்டாவது, தோற்றவனைக் கதை கைவிடுவதில்லை. வியாச பாரதத்தில் பிருகதசுவ முனிவர் வனத்தில் தருமனுக்கு நளன் கதையைச் சொல்லி, பகடையின் மறைபொருளையும் கற்பிக்கிறார். பின்பு விராடன் அவையில் கங்கன் என்னும் பெயரில் தருமன் சூதுத் துணைவனாகவே மறைந்து வாழ்கிறான். தன்னை வீழ்த்திய கலையே அவனுக்கு ஒளிவிடமாகிறது.

மெலிவு ஆட்ட விதியில் இருக்கிறது. 2014இல் 12 பகுதிகளாக வெளிவந்த ‘நோ கேம் நோ லைஃப்’ என்னும் அனிமேயில் போருக்கு இடமில்லை. வழக்குகள் யாவும் ஆட்டத்தால் தீர்கின்றன. அவ்வுலகத்துக்குப் பத்து விதிகள் உண்டு. ஆட்டத்தில் ஏமாற்றியது கண்டுபிடிக்கப்பட்டால் அதுவே தோல்வி என்பது அவற்றுள் ஒன்று. விதி தெரிந்திருப்பதால் காண்பவரும் உடன் ஆடுகின்றனர். பாரதத்திலோ, சகுனி எவ்வாறு ஏமாற்றினான் என்பதை வியாசர் விளக்குவதில்லை. எறிகிறான், வென்றேன் என்கிறான், அவ்வளவே. தந்தையின் எலும்பால் செய்த பகடை என்னும் நாட்டார் கதை, இவ்விடைவெளியை நிரப்ப மக்கள் படைத்தது போலும். ஆயினும் அந்த அனிமேயின் நாயகர்களான அண்ணனும் தங்கையும் தோல்வியே அறியாதவர்கள். தோற்றவனின் துயரம் எத்தகையது என்று அறியப் பாரதத்திடமே வரவேண்டும்.

இதனினும் பெரிய மெலிவு ஒன்றுண்டு. தன்னை முதலில் தோற்றவனுக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை ஏது என்று திரௌபதி கேட்கிறாள். அது சட்டக் கேள்வி. வீட்டுமனும் துரோணனும் இருந்த அவை அதற்குத் தீர்ப்பளிக்கவில்லை. கண்ணனருளால் துகில் வளர்கிறது, மானம் காக்கப்படுகிறது, கேள்வி நின்றுவிடுகிறது. நீதி வரவேண்டிய இடத்தில் அற்புதம் வந்துவிட்டது.

கூத்து மரபு இக்குறையை உணர்ந்திருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. அன்றிரவு அவிழ்ந்த கூந்தல் அன்றே முடியப்படுவதில்லை. பல நாள் கழித்து, மண்ணால் செய்த துரியோதனன் கிடக்கும் படுகளத்தில்தான் அது முடியப்படுகிறது. துச்சாதனன் வேடமிட்டவர் சேலையைத் தொடுமுன் கற்பூரம் ஏற்றித் தாயிடம் மன்னிப்பு வேண்டும் வழக்கமும் உண்டு. அவ்வேளையில் சுற்றி அமர்ந்திருக்கும் ஊரே அவையாகிறது.

ஊர் அவையாகும்போது, அதன் மௌனமும் விசாரணைக்கு உரியது. விழுப்புரத்தை அடுத்த மேல்பாதியில் தருமராசா திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைவது தடுக்கப்பட்டது, மோதல் மூண்டது, 2023 ஜூன் 7 அன்று வருவாய்த்துறை கோயிலுக்கு முத்திரையிட்டது. உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மார்ச்சில் பூசைக்கு மட்டும் கதவு திறந்தது. 2025 ஏப்ரல் 17 அன்றே தலித் மக்கள் உள்ளே சென்று வழிபட்டனர். உரிமை யாருக்கு என்று அவை நடுவே கேட்டவளின் கோயிலில் அதே கேள்வி எழுந்ததும், அதற்கு விடை வர இத்தனை காலம் ஆனதும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியவை. ‘பகடை துகில்’ இரவில் கண்ணீர் வடிக்கும் நாம், திரௌபதியின் கேள்வியையும் காதில் வாங்கிக்கொண்டோமானால், கதையின் அந்த மெலிவு ஓரளவேனும் நீங்கும்.