குடக்கூலித் தமிழ்: டிடிபித் தொழிலும் மாறிக்கொண்டே இருந்த விண்டோஸும்

தமிழ்நாட்டில் டிடிபி எனப்படும் கணினி அச்சுக்கோப்புத் தொழிலின் கதை பெரும்பாலும் எழுத்துருக்களின் கதையாகவும் விசைப்பலகைகளின் கதையாகவுமே சொல்லப்படுகிறது. அவற்றுக்கு அடியில் இயங்குதளம் என்ற ஒன்று, அதாவது கணினியின் வன்பொருளையும் பிற மென்பொருள்களையும் கட்டியாளும் அடிப்படை நிரல், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருந்தது என்பதும், ஒவ்வொரு மாற்றத்திலும் ஏதோ ஒரு வகையில் தமிழ் உடைந்தது என்பதும் அக்கதையில் ஓரமாகவே இடம்பெறுகின்றன. பட்டுக்கடை ரசீதுப் புத்தகம், திருமண அழைப்பிதழ், கும்பாபிஷேகப் பத்திரிகை ஆகியவற்றை நம்பியே டிடிபிக் கடைகள் பிழைத்த காஞ்சிபுரம், வாலாஜாபாத், தென்னேரி வட்டாரம் போன்ற பகுதிகளுக்கு இந்த உடைசல் தொழில்நுட்பச் செய்தியாக அல்ல, முகூர்த்த நாளுக்குள் தீர்க்க வேண்டிய தொல்லையாகவே வந்து சேர்ந்தது.

சிக்கலின் வேர் தொடக்கத்திலேயே இருந்தது. தமிழுக்கு 247 எழுத்துகள். 1990களின் தொடக்கத்தில் விண்டோஸ் 3.1 அளித்த எழுத்துருவிலோ மொத்தம் 256 இடங்கள், அவற்றிலும் சரிபாதி ஆங்கிலத்துக்கும் கட்டளைக் குறிகளுக்கும் உரியவை. அதற்கு முன் டாஸ் காலத்தில், கான்பூர் ஐஐடியில் உருவாகிப் பின்னர் புனேயின் சி-டாக் நிறுவனத்தால் வளர்க்கப்பட்ட ஜிஸ்ட் அட்டையைக் கணினிக்குள் செருகி இந்திய எழுத்துகளைத் திரையில் காட்டும் வழியும் இருந்தது. விண்டோஸ் வந்த பிறகு அச்சகங்கள் எளிய வழியையே தேர்ந்தன: ஆங்கில எழுத்துக்கும் ஐரோப்பியக் குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துருக்கள் பரவின. இயங்குதளத்தைப் பொறுத்தவரை திரையில் இருந்தது தமிழே அன்று; வேறு உடை போர்த்திய ஆங்கிலம். தமிழ் அங்கே குடக்கூலிக்குக் குடியிருந்தது.

குடியிருந்தவருக்கு வீட்டுக்காரரின் வழக்கங்களால் நேர்ந்த சங்கடங்கள் சில வேடிக்கையானவை. பாமினி எழுத்துருவில் ஆங்கிலச் சிறிய ஜே 'த' ஆகவும், பெரிய ஜே 'து' ஆகவும் அமைந்திருந்தன. வாக்கியத்தின் முதலெழுத்தைத் தானாகவே பெரிதாக்கும் வேர்டு மென்பொருளின் உதவும் குணத்தால், 'தமிழ்' என்று தொடங்கிய வாக்கியம் 'துமிழ்' என்று தொடங்கியது. உலகத் தமிழர்களின் மின்னஞ்சல் உரையாடல்களில் உருவான டிஸ்கி என்ற குறியேற்றம், அதாவது எழுத்துக்கு எண் ஒதுக்கும் முறை, 'இ'யை 173ஆம் இடத்தில் வைத்தது. அந்த இடத்தை விண்டோஸ் மென்பொருள்கள் வரி முறியும்போது மட்டும் தோன்றும் மறை இணைப்புக்குறியாகக் கருதியதால், தட்டச்சிட்ட 'இ' திரையில் காணாமல் போனது. எழுதியவரின் பிழை எதுவுமில்லை. டிஸ்கியின் 1.7ஆம் பதிப்பு 254ஆம் இடத்தையும் 'இ'க்கு ஒதுக்கி இதைச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

1997இல் சிங்கப்பூரில் கணினித் தமிழ் முன்னோடி நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய மாநாட்டின் தொடர்ச்சியாக, 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாடு, டாம், டாப் என்ற இரு குறியேற்றங்களுக்கும் தமிழ்99 விசைப்பலகைக்கும் வழிவகுத்தது; உயிரெழுத்துகளை இடக்கைக்கும் மெய்களை வலக்கைக்கும் பகிர்ந்த அவ்விசைப்பலகை உண்மையிலேயே நல்ல வடிவமைப்பு. ஆயினும் வழக்கிலிருந்த எழுத்துருக்கள் மறையவில்லை. அரசு அலுவலகங்களில் வானவில் மென்பொருளின் ஔவையார் எழுத்துரு தனியாட்சி செலுத்தியது. இவற்றைத் தட்டச்சிட உதவிய விசைப்பலகை மென்பொருள்கள் விசையழுத்தங்களை இயங்குதளத்துக்குக் குறுக்கே புகுந்து பிடித்து மாற்றித் தந்தன. விலையுள்ள இந்திய மொழி மென்பொருள்கள் சில, திருட்டுப் படியைத் தடுக்கும் பொருட்டு, அச்சுப்பொறித் துளையில் செருகும் டாங்கிள் என்ற பூட்டுடன் வந்தன; அந்தப் பூட்டைக் கணினிக்கு அடையாளம் காட்டத் தனியொரு டிரைவர், அதாவது வன்பொருளுக்கும் இயங்குதளத்துக்கும் இடையே பேசும் நிரல், தேவைப்பட்டது.

உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான குறியேற்றமான யூனிகோடு 1991இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தபோதிலும், விண்டோஸ் 2000 லதா எழுத்துருவுடன் வந்தபோதுதான் தமிழ் அந்த இயங்குதளத்துக்குள் முறையாகக் குடியேறியது. அடுத்த ஆண்டு வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியில் அதற்கான கோப்புகள் இயல்பாக நிறுவப்படவில்லை. அமைப்புகளில் மொழிப் பகுதியைத் தேடிப்பிடித்து, சிக்கலான வரிவடிவங்களுக்கான பெட்டியில் குறியிட்டு, விண்டோஸ் குறுவட்டைப் போட வேண்டியிருந்தது. விற்பவரே விண்டோஸ் போட்டுக் கொடுத்த கணினியை வாங்கியவரிடம் அந்த வட்டு பெரும்பாலும் இருந்ததில்லை. இந்த நிறுவல் நடக்காத கணினியில் தமிழ் இணையப்பக்கம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. எழுத்துரு மட்டும் இருந்தாலோ கொம்பும் காலும் தம் எழுத்தை விட்டு விலகி நின்றன.

டிடிபிக் கடைக்காரர் யூனிகோடுக்கு ஏன் மாறவில்லை என்ற கேள்விக்கு அறியாமை என்ற விடை பலமுறை சொல்லப்பட்டிருக்கிறது. அது நியாயமான விடை அன்று. அவரது தொழிற்கருவி பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள். 2001இல் வந்த அதன் 7ஆம் பதிப்பே கடைசிப் பதிப்பு. அது யூனிகோடை அறியாது, எக்ஸ்பிக்குப் பிந்திய விண்டோஸ்களுக்கென அது திருத்தப்படவும் இல்லை. அதன் இடத்துக்கு வந்த இன்டிசைன் தமிழை ஓரளவேனும் ஒழுங்காகக் கோக்கத் தொடங்கியது 2012இன் சிஎஸ்6 பதிப்பில்தான். இடைப்பட்ட காலத்தில் 64 பிட் விண்டோஸ் பரவியபோது பழையவை ஒன்றன்பின் ஒன்றாக நின்றன: 16 பிட் நிறுவிகள் அதில் ஓடா, 32 பிட் விசைப்பலகை மென்பொருள் 64 பிட் நிரலுக்குள் புக இயலாது, விண்டோஸ் விஸ்டா முதல் 64 பிட் பதிப்புகள் கையொப்பமிடப்படாத கருவக டிரைவர்களை ஏற்க மறுத்ததால், பழைய டாங்கிள் டிரைவர்கள் பயனற்றுப்போயின, புதிய கணினிகளிலோ அந்த டாங்கிளைச் செருகும் துளையே இல்லை. பத்து ஆண்டு அழைப்பிதழ்களையும் திருவிழாப் பத்திரிகைகளையும் பழைய கோப்புகளாக வைத்துக்கொண்டு, ஆண்டுதோறும் தேதியை மட்டும் மாற்றி அச்சிடும் ஒருவருக்கு, ஓடுகிற எக்ஸ்பி கணினியைத் தொடாமல் விடுவதே அறிவார்ந்த முடிவாக இருந்தது. இயங்குதளம் மெதுவானால் 'ஃபார்மட் அடித்து' அதே எக்ஸ்பியை மீண்டும் போடுவதே கடைவீதி மருத்துவம். எக்ஸ்பியிலேயே தங்கிவிடும் அந்த முடிவுக்கு விலையும் உண்டு. 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வான்னாகிரை என்ற பணயத்தீநிரல் உலகெங்கும் பரவியபோது, ஆதரவு நிறுத்தப்பட்ட எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் அவசரத் திருத்தம் வெளியிட நேர்ந்தது.

அரசின் பாதை வேறு. கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு தொடங்கிய 2010 ஜூன் 23 அன்று வெளியான அரசாணை யூனிகோடைத் தரமாக ஏற்றது. யூனிகோடு சரிவர இயங்காத இடங்களுக்கு டேஸ்16 என்ற மாற்றுக் குறியேற்றத்தையும் அனுமதித்தது. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிவுற்றதையொட்டி, சென்னை சி-டாக் டெபியனை அடிப்படையாகக்கொண்டு உருவாக்கிய போஸ் லினக்ஸுக்கு மாறுமாறு தமிழ்நாடு அரசு தன் துறைகளை அறிவுறுத்தியது. கொள்கையளவில் குறைசொல்ல இடமில்லாத முடிவு அது. மேசையளவில், வானவில் கோப்புகளும் அவற்றைத் தட்டச்சிடும் மென்பொருளும் விண்டோஸைச் சேர்ந்தவை என்பதும், பக்கத்தைத் தானே வரையாமல் கணினியின் டிரைவரிடமே அவ்வேலையை விட்டுவிடும் மலிவு லேசர் அச்சுப்பொறிகளுக்கு லினக்ஸ் டிரைவர் கிடைப்பதே அரிது என்பதும் எதிரே நின்றன.

தமிழ் இயங்குதளத்துக்குள் வந்த பிறகும் தொல்லை தீரவில்லை, அதன் இயல்புதான் மாறியது. விண்டோஸ் 8இல் நிர்மலா யுஐ இயல்பு எழுத்துருவானது; 2015இல் வந்த விண்டோஸ் 10இல் லதாவும் விஜயா என்ற மற்றொரு தமிழ் எழுத்துருவும் விருப்பத்தின்பேரில் தனியே நிறுவிக்கொள்ளும் துணைத் தொகுப்புக்குத் தள்ளப்பட்டன. லதாவில் வடிவமைத்த ஆவணம் அத்தொகுப்பு இல்லாத கணினியில் வேறு எழுத்துருவில் திறந்தது, வரிகள் இடம்மாறின, ஒரு பக்கம் ஒன்றேகால் பக்கமாயிற்று. எழுத்து உடையவில்லை, பக்கம்தான் உடைந்தது. இதில் பிழை என்று சுட்டத்தக்க நிரல் எதுவும் இல்லை, எங்கோ எடுக்கப்பட்ட ஒரு முடிவு மட்டுமே உண்டு. எனவே புகார் சொல்லவும் பொருத்தமான இடமில்லை.

1999இல் சென்னையில் உருப்பெற்ற தமிழ்99 விசைப்பலகை விண்டோஸின் சொந்தப் பட்டியலில் இடம்பெற்றது 2019 மே மாதப் புதுப்பிப்பில்தான். இருபது ஆண்டுகள் அதை வெளி மென்பொருள்களே சுமந்தன. அந்தப் புதிய விசைப்பலகையைக் கொண்டு ஔவையார் எழுத்துருவிலுள்ள பழைய கோப்பைத் திருத்த முடியாது. அதற்குக் குறியேற்ற மாற்றி வேண்டும், அல்லது கடையின் மூலையிலுள்ள எக்ஸ்பி கணினி வேண்டும்.