கூத்தின் பிறப்பும் கூத்தாடியின் இழிவும்

ஒருவரை இழித்துரைக்க விரும்பும் நம்மவர், 'கூத்தாடி' என்னும் ஒரு சொல்லால் அவ்வேலையை முடித்துவிடுகின்றனர். அச்சொல் எவ்வாறு வசையாயிற்று என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நாடகம் பிறந்த வரலாற்றை அறிவோமாயின், அவ்வசை நம் அறியாமைக்கே அடையாளம் என்பது விளங்கும்.

கிரேக்க நாட்டில், திராட்சைக்கும் மதுவுக்கும் உரிய தெய்வமாகிய தியோனிசசுக்கு எடுத்த விழாவிலே கூட்டமாக நின்று பாடிய பாட்டினின்றும் துன்பியல் நாடகம் தோன்றிற்று என்பது அரிஸ்டாட்டில் கருத்து. அக்கூட்டத்தினின்றும் பிரிந்து நின்று, வேறொருவராகவே மாறிப் பேசிய முதல்வர் தெஸ்பிஸ் என்பவர், கி.மு. 534-ஆம் ஆண்டளவில் அவர் ஏதென்சு நகரில் பரிசு பெற்றார் என்பது மரபு. ஜப்பானியரின் கபுகி நாடகமோ 1603-இல் கியோத்தோ நகரில் ஒகுனி என்னும் பெண் ஆடிய ஆட்டத்தினின்றும் வளர்ந்தது. ஆயினும் 1629-இல் பெண்கள் மேடையேறுதல் தடுக்கப்பட்டது. பெற்ற தாயையே வீட்டைவிட்டு விலக்கிய கதை இது!

நாம் வாழும் ஜொகூரிலே, சாவக மக்கள் தம் தீவினின்றும் கொண்டுவந்த குடா கெப்பாங் ஆட்டத்தைக் காண்கிறோம். தட்டையான பின்னற் குதிரையைக் காலிடையே பற்றி அவர்கள் ஆடுங்கால், நம் பொய்க்கால் குதிரை நினைவுக்கு வாராதிராது. பங்சவான் என்னும் மலாய் நாடகமும், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவினின்றும் பினாங்குக்கு வந்த பார்சி நாடகக் குழுவினரைக் கண்டு எழுந்ததே. கலை கடலையும் பிறப்பையும் கேட்டு நடப்பதன்று.

தமிழரிடையே கூத்தன் இழிந்தவனாக இருந்தானா? பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், கூத்தராற்றுப்படை என்றே பெயர் பெற்றது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, எட்டுக்கோல் நீளமும் ஏழுகோல் அகலமும் ஒருகோல் உயரமுமுடைய அரங்கை வகுத்து, மூவகைத் திரையையும் கூறுகின்றது. தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டோ, வைகாசி விழாவில் இராசராசேசுவர நாடகம் ஆடும் சாந்திக்கூத்தனுக்கு ஆண்டுதோறும் 120 கலம் நெல் அளிக்கப்பட்டதை, இரண்டாம் இராசேந்திரன் காலத்திலேயே பொறித்து வைத்துள்ளது.

இழிவு பின்னர் வந்தது. அதுவும் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. உரோமாபுரிச் சட்டம் நடிகரை மானங்குறைந்தவராக வைத்தது. உரிய ஆதரவு பெறாத நடிகரை நாடோடிகளோடு சேர்த்துத் தண்டிக்க, இங்கிலாந்து 1572-இல் சட்டம் இயற்றிற்று. நம் நாட்டிலோ அவ்விழிவைச் சாதி தாங்கிப் பிடித்தது. இரவெல்லாம் இராசாவாக ஆடியவனை விடிந்ததும் சேரிக்கு அனுப்பிற்று. 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபை தோன்றிய பின்னரே, பம்மல் சம்பந்த முதலியார் முதலிய கற்றோர் வேடம் புனைய முன்வந்தனர். கற்றவர் ஆடினால் கலை, ஏழை ஆடினால் கூத்தாட்டம் என்பது என்ன நீதி?

நாடகத்தின் வலிமையை ஆள்வோர் நன்கறிவர். அவுரித் தோட்டத்து வெள்ளையரின் கொடுமையைக் காட்டிய 'நீல தர்ப்பண்' என்னும் வங்க நாடகம் 1860-இல் வெளிவந்தது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்ட பாதிரியார் ஜேம்ஸ் லாங், மறு ஆண்டிலேயே சிறை சென்றார். 1876-இல் நாடகங்களை அடக்கச் சட்டமும் வந்தது. தோட்டத்துத் துயரைத் தோட்டத்தார் கண்முன் நிறுத்தும் கருவிக்கு அஞ்சாதவர் யார்?

ஆகவே தோழர்களே, நம் தோட்டத்து விழாக்களில் நாடகம் ஆடுவோரை நாம் எங்ஙனம் நடத்துகிறோம் என்பதைச் சிறிது எண்ணுவோம். ஆடி முடித்தவரைக் கொட்டகையின் பின்புறத்தே உண்ணச் செய்யாது, நம் வரிசையிலேயே இலையிட்டு அமர்த்துவோம். நம் பெண்மக்கள் மேடையேற விரும்பின் தடுக்காதிருப்போம். 'கூத்தாடி' என்று நாம் இகழ்வது நம் முன்னோர் நெல்லளந்து போற்றிய ஒருவரையே என்பதை மறவாதிருப்போமாக.