உளிமுனையின் பதம்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் சங்கமிக்கும் திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் ஆலயத்தின் சுவரில், 11-ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் வெட்டப்பட்ட நீண்ட சாசனம் ஒன்று உண்டு. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை என்னும் மருத்துவமனையையும், அதன் வைத்தியருக்கு 90 கலம் நெல்லும் 8 காசும், சல்லியக்கிரியை பண்ணுவானுக்கு 30 கலம் நெல்லும் விதித்ததையும் அது கூறுவதால், வைத்திய சரித்திரம் எழுதுவோர் அதனை மேற்கோள் காட்டாமல் விடுவதில்லை. ஆனால் அத்தனை எழுத்தும் கல்லில் ஏறியது எவ்வாறு என்று எண்ணுவோர் அரியர்.

கருங்கல்லில் கலந்திருக்கும் பளிங்குத் துகள், பாலாற்று மணலைப் போலவே, சிலிக்கனும் பிராணவாயுவும் சேர்ந்த பொருள். சாதாரண இரும்பைவிடக் கடினமானது. ஆதலால் சிற்பியின் பணிக்களத்தருகே உலையும் துருத்தியும் இருந்தே தீரவேண்டும். மழுங்கிய உளியைக் கொல்லர் செக்கச்சிவக்கக் காய்ச்சி, முனையை மட்டும் நீரில் தோய்த்து எடுப்பார். திடீரெனக் குளிர்ந்த எஃகினுள் கரிச்சத்து வெளியேற வழியின்றிச் சிக்கிக்கொள்ள, முனை மிகக் கடினமாகி, கண்ணாடிபோல் தெறிக்கும் குணமும் பெறும். உடனே அதைக் கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டுக் காத்திருப்பார். தண்டில் மிஞ்சிய வெப்பம் கீழிறங்க, முனையில் வைக்கோல் மஞ்சள் படரும், பிறகு ஊதா, பிறகு நீலம். வேண்டிய நிறம் வந்த கணத்தில் மீண்டும் தோய்த்துவிடுவதிலேதான் வித்தை முழுவதும் அடங்கியிருக்கிறது. வெப்பமானியறியாத அக்கண்களின் நிதானத்தை நம் பாடநூல்கள் போதிய அளவு மதித்ததாகத் தோன்றவில்லை.

1960-இல் லேசர் தோன்றியபின், காய்ச்சித் திடீரெனக் குளிரவைக்கும் அவ்வித்தை, மேற்றோலை மட்டும் காய்ச்சும் வகையில், அப்பளிங்கில் அடங்கிய சிலிக்கன்மேலேயே பிரயோகிக்கப்படலாயிற்று. ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் கைப்பேசிக்குள் பொருத்தப்படும் சில்லுகளுக்கு மூலமான சிலிக்கன் தகட்டை அரைத்து மெலியச் செய்யும்போது, மேற்பரப்பில் நுண்ணிய விரிசல்கள் விழுந்து அதன் வலிமையைக் குலைக்கின்றன. விநாடியின் நூறு கோடியில் சில பங்குகளே நீடிக்கும் லேசர்த் துடிப்பு படும்போது, 1414 பாகை செல்சியசில் உருகும் அத்தோல், அடியிலுள்ள படிகத்தின் ஒழுங்கைப் பின்பற்றி உறைந்து, விரிசல்களை மூடிவிடுகிறது. துடிப்பை அதனினும் ஆயிரம் மடங்கு குறுக்கினாலோ, அணுக்கள் அணிவகுக்க அவகாசமின்றி ஒழுங்கற்றுறைந்து, படிகத்தைவிடச் சற்று மென்மையான படலமாகின்றன. எஃகைக் கடினமாக்கிய விரைவு இங்கே நேர்மாறாகப் பலிக்கிறது. ஆகவே அரைத்த வடுக்களை ஆற்ற விழைவோர் முன்சொன்ன நீண்ட துடிப்பையே நாடுகின்றனர்.